சந்தைப் பல்கலைக்கழகத்தில் பாலினக் கல்வி: இல்லம் விடுபட்ட பாடத்திட்டம்

முன்னுரை

மலேசியப் பல்கலைக்கழகங்களில் பாலினக் கல்வி கற்பிக்கப்படுவது புதிய செய்தியன்று. சமூகவியல், மானிடவியல், வரலாறு, இந்திய ஆய்வியல் முதலிய துறைகளில் விருப்பப் பாடமாகவும், ஓரிரு இடங்களில் தனிப் பட்டப்படிப்பாகவும் அது சற்றேறக்குறைய முப்பது ஆண்டுகளாக இருந்து வருகிறது. அப்பாடத்தில் எவற்றைக் கற்பிக்க வேண்டும் என்பது குறித்துப் பலரும் எழுதியுள்ளனர். எத்தகைய நிறுவனத்தில், எத்தகைய மாணவர் முன்னிலையில் கற்பிக்கிறோம் என்பது குறித்து எழுதப்பட்டவை ஒப்புநோக்கக் குறைவே. இக்கட்டுரை அவ்விரண்டாம் வினாவை எடுத்துக்கொள்கிறது.

பாலினக் கல்வியைக் கற்பிக்கும் விரிவுரைஞர் இரண்டு நெருக்குதல்களுக்கு ஆளாகின்றார். ஒன்று சந்தையினுடையது, இப்பாடம் வேலைக்கு உதவுமா என்று அது கேட்கிறது. மற்றொன்று பண்பாட்டினுடையது, இப்பாடம் நம்முடையதா என்று அது கேட்கிறது. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று பகையானவை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. சந்தை மரபை அழிக்கும், மரபு சந்தையை எதிர்க்கும் என்பது நாம் மேடைகளில் அடிக்கடி கேட்கும் கூற்று. வகுப்பறையில் நாம் காண்பதோ வேறு. இவ்விரு நெருக்குதல்களும் தத்தம் வழியே வந்து, பாடத்திட்டத்திலிருந்து ஒரே பகுதியைத்தான் நீக்கக் கோருகின்றன. அப்பகுதி இல்லம். சமையற்கட்டு, பிள்ளை வளர்ப்பு, திருமணம், சொத்து, முதியோர் பேணல் என்பனவெல்லாம் அடங்கிய அப்பகுதி நீங்கியபின் எஞ்சுவதைப் பாலினக் கல்வி என்று அழைப்பது தகுமா என்பதே நம் கேள்வி.

சந்தையின் கணக்கு

1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்வி நிலையங்கள் சட்டம் இந்நாட்டு உயர்கல்வியின் போக்கை மாற்றியது. 1997இல் தேசிய உயர்கல்விக் கடனுதவித் திட்டம் தோன்றியது. 1998இல் மலாயாப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட ஐந்து பொதுப் பல்கலைக்கழகங்கள் நிறுவனமயமாக்கப்பட்டன. அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகமும், 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகமும் இங்குக் கிளை வளாகங்களைத் திறந்தன. 2007இல் மலேசியத் தகுதி முகமை அமைக்கப்பட்டு, எல்லாப் பாடங்களும் விளைபயன் அடிப்படையில் எழுதப்பட வேண்டும் என்னும் முறை நிலைபெற்றது.

இவையனைத்தும் தீங்கென்று கூறுவது நம் நோக்கமன்று. தோட்டப்புறத்திலிருந்து வந்த பிள்ளைகள் பலர் பட்டதாரிகளானதற்குத் தனியார் கல்லூரிகளும் கல்விக் கடனும் காரணம் என்பதை இத்துறையினர் எவரும் மறுக்க இயலாது. ஆயினும், கடன்பட்டுப் படிக்கும் மாணவரும் கட்டணத்தை நம்பி நடக்கும் நிறுவனமும் ஒரு விருப்பப் பாடத்தைப் பார்க்கும் பார்வை முன்போல் இராது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் மாணவர் பதியாவிடில் அப்பாடம் அந்தப் பருவத்தில் திறக்கப்படுவதில்லை. பதிந்தோர் பருவ இறுதியில் விரிவுரைஞரை மதிப்பிடுகின்றனர். அம்மதிப்பெண் பதவி உயர்வுக் கோப்பில் இடம்பெறுகிறது. பட்டமளிப்புக்கு முன் வேலை கிடைத்ததா என்று பட்டதாரிகளிடம் கேட்கப்படுகிறது. அவ்விடை துறையின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது.

இவற்றுள் நம் கருத்தைக் கவர்வது விளைபயன் அட்டவணையே. ஒவ்வொரு பாடத்திற்கும் மூன்று அல்லது நான்கு விளைபயன்கள் எழுதப்பட வேண்டும். அவை அளக்கத்தக்க வினைச்சொற்களால் முடிய வேண்டும். ‘பணியிடப் பன்முகத்தன்மையை நிர்வகிப்பர்’ என்னும் தொடர் அக்கட்டத்தினுள் இலகுவாக அமர்ந்துவிடுகிறது. ‘தம் வீட்டில் யார் எப்போது உண்கிறார் என்பதைப் பற்றிச் சிந்திப்பர்’ என்னும் தொடர் அமர்வதில்லை. நாம் அறிந்த ஒரு நிறுவனத்தில், பாலினமும் சமுதாயமும் என்னும் பொதுத் தலைப்பில் இருந்த பாடம், பாடத்திட்ட மறுசீரமைப்பின்போது பணியிடத்தில் பாலினம் என்று பெயர் மாறியது. குடும்பத்திற்கு ஒதுக்கப்பட்டிருந்த வாரங்கள் சுருங்கி ஒரே வாரமாயின. எவரும் அதனைத் தடைசெய்யவில்லை, எவரும் கண்டிக்கவுமில்லை. கட்டம் நிரம்ப வேண்டியிருந்தது, அவ்வளவே.

பணியிடம் என்பது அற்பமான பொருளன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். 1999ஆம் ஆண்டின் பாலியல் தொல்லை நடத்தை நெறி, 2022ஆம் ஆண்டின் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம், 2023 சனவரி முதல் மகப்பேற்று விடுப்பை 98 நாளாக உயர்த்தித் தந்தைக்கு 7 நாள் விடுப்பு வழங்கிய வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம் ஆகியன மாணவர் கட்டாயம் அறிய வேண்டியவை. எனினும் சந்தை தன் கணக்கையே சரியாகப் போடவில்லை என்பது நம் கருத்து. மலேசியப் பொதுப் பல்கலைக்கழக மாணவருள் பத்தில் ஏறத்தாழ அறுவர் பெண்கள். ஆனால் பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு விகிதம் 55, 56 விழுக்காட்டளவில் நிற்க, ஆண்களுடையது 80 விழுக்காட்டைத் தாண்டியுள்ளது. பட்டமளிப்பு மண்டபத்திற்கும் அலுவலகத்திற்கும் இடையில் அப்பெண்கள் எங்கே போயினர்? அதற்கான விடை பணியிடத்தில் இல்லை, இல்லத்தில் இருக்கிறது. வேலைவாய்ப்பே குறிக்கோள் எனக் கொண்டாலும், இல்லத்தை நீக்கிய பாடம் அக்குறிக்கோளையே விளக்க வல்லதாக இல்லை.

பண்பாட்டின் மௌனம்

இனி இரண்டாம் நெருக்குதலுக்கு வருவோம். பெண்ணியம் மேலைநாட்டுச் சரக்கு என்னும் குற்றச்சாட்டு நம் சமுதாய நிகழ்ச்சிகளில் ஒலிப்பது போலவே மலாய், சீனச் சமூகங்களிலும் ஒலிக்கிறது. இக்குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை உண்டு என்பதை ஏற்றுக்கொண்டே தொடங்குவது நலம்.

முனைவர்ப் பட்ட ஆய்வுக்காக நாம் வெளிநாட்டில் இருந்த ஆண்டுகளில், பெட்டி ஃபிரீடன் 1963இல் வெளியிட்ட ‘த ஃபெமினின் மிஸ்டிக்’ என்னும் நூலே முதல் வாரப் பாடமாக அமைந்திருந்தது. அமெரிக்கப் புறநகர் வீடுகளில் அடைபட்ட, படித்த நடுத்தர வர்க்கப் பெண்களின் மனக்குறையைப் பேசிய நூல் அது. அவர்களுக்கு அந்நூல் காட்டிய வழி, கல்வியும் தொழிலும். வீட்டைவிட்டு வேலைக்குப் போகும் வாய்ப்பை விடுதலையாகக் காண இயலாத ஏழைப் பெண்களையும் கறுப்பினப் பெண்களையும் இந்நூல் மறந்தது என்று பெல் ஹூக்ஸ் 1984இல் எழுதினார். அதே ஆண்டில் சந்திரா தல்பதே மொஹந்தி, மேலை ஆய்வாளர்கள் மூன்றாம் உலகப் பெண்ணை ஒரே அச்சில் வார்க்கின்றனர் என்று வாதிட்டார். ஆகவே, இவ்வுணர்வு அத்துறைக்கு வெளியிலிருந்து மட்டும் எழுந்த எதிர்ப்பன்று. அதன் உள்ளிருந்தே எழுந்த திருத்தமும் ஆகும். கிளை வளாகங்களில் தாய்ப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தையே பின்பற்ற வேண்டியிருக்கும் விரிவுரைஞர்களுக்கு இத்திருத்தத்தை நினைவூட்டுவது பயன்தரும். ஃபிரீடனை நீக்க வேண்டியதில்லை. அவருக்குப் பக்கத்தில் யாரை அமர்த்துகிறோம் என்பதே முக்கியம்.

ஆனால் வகுப்பறையில் நாம் எதிர்கொள்ளும் தடை பெரும்பாலும் குற்றச்சாட்டு வடிவில் வருவதில்லை. மௌன வடிவில் வருகிறது. அம்மௌனத்திற்குச் சட்ட அடிப்படை ஒன்று உண்டு. இந்நாட்டில் குடும்பச் சட்டம் இரண்டாகப் பிரிந்துள்ளது. முஸ்லிம்களின் மணமும் மணமுறிவும் மாநில இஸ்லாமியக் குடும்பச் சட்டங்களுக்கும் ஷரியா நீதிமன்றங்களுக்கும் உட்பட்டவை. முஸ்லிமல்லாதாருக்கு 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் பொருந்தும். அது 1982 மார்ச்சு முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்திற்கு முன் இந்துத் திருமணங்களும் சீன வழக்காற்றுத் திருமணங்களும் சடங்கின்வழி நிறைவேறின. பதிவு கட்டாயமாக இருக்கவில்லை, ஒருவன் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரைக் கொள்வதும் தடுக்கப்படவில்லை. நம் மாணவரின் பாட்டிமாருள் பலர் அக்காலத்தில் மணந்தவர்களே. இதனை எடுத்துக்கூறும்போது இந்திய, சீன மாணவர் வியப்படைகின்றனர். பலதார மணம் பிறர் வீட்டுச் செய்தி என்றே அவர்கள் எண்ணியிருந்தனர்.

ஒரே வகுப்பில் இவ்விரு சட்டங்களின்கீழ் வாழும் மாணவர் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். மற்றவருடைய குடும்பத்தைப் பற்றிப் பேசுவது மதத்தைப் பற்றிப் பேசுவதாகிவிடும் என்னும் அச்சம் இருபுறத்தும் உண்டு. இந்திரா காந்தி வழக்கை இதற்கு எடுத்துக்காட்டலாம். (இவர் பாரதத்தின் முன்னாள் பிரதமர் அல்லர்; ஈப்போவைச் சேர்ந்த பாலர்பள்ளி ஆசிரியை. இவ்விளக்கம் ஆண்டுதோறும் தேவைப்படுகிறது.) பிள்ளைகளை மதமாற்றம் செய்வதற்குப் பெற்றோர் இருவரின் ஒப்புதலும் வேண்டும் என்று 2018 சனவரி 29ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அவ்வழக்கில் தீர்ப்பளித்தது. தாயுரிமை குறித்த மிக முக்கியமான தீர்ப்பு இது. ஆயினும் இதனை வகுப்பில் எடுத்தவுடன் மாணவர் தாயைப் பற்றிப் பேசுவதை விட்டுச் சமயத் தரப்புகளாகப் பிரிந்துவிடுகின்றனர், அல்லது வாய்மூடிக்கொள்கின்றனர். அவர்களைக் குறைகூற நமக்கு மனமில்லை. நாட்டின் பொதுவெளியும் அவ்வாறே நடந்துகொள்கிறது.

விளைவு யாது? ஒவ்வொரு சமூகமும் தன் பெண்களைப் பற்றித் தனக்குள் பேசிக்கொள்கிறது. பொதுவகுப்பில் எல்லாரும் அச்சமின்றிப் பேசத்தக்க இடமாக எஞ்சுவது அலுவலகம் ஒன்றே. சந்தை விரும்புவதும் அதனையே. வாடிக்கையாளராகிய மாணவரின் மனம் கோணலாகாது என்னும் வணிக நாகரிகமும், பிறர் வீட்டு விவகாரத்தில் தலையிடலாகாது என்னும் பல்லின நாகரிகமும் ஒரே வாயிலில் வந்து சந்திக்கின்றன.

சொல்லிலிருந்து தொடங்குதல்

இம்மௌனத்தைக் கலைக்க விவாதம் உதவுவதில்லை என்பது நம் பட்டறிவு. மொழி உதவுகிறது. மொழியைப் பற்றிப் பேசுவோர் எவரும் தாக்கப்பட்டதாக உணர்வதில்லை. தமிழாசிரியர்களுக்கு இவ்வகையில் இயல்பான வலிமையும் உண்டு.

மலாய்மொழியில் ‘டியா’ என்பது அவனையும் அவளையும் ஒருங்கே குறிக்கும். சீனமொழிப் பேச்சில் இரண்டுக்கும் ஒரே ஒலிதான். பெண்ணைக் குறிக்கத் தனியெழுத்தை 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் லியூ பன்னோங் என்னும் அறிஞர் பரப்பினார். மேலைமொழிகளின் பெயர்ப்பால் வேறுபாட்டைச் சீனத்திற்குள் கொண்டுவருவதே முன்னேற்றம் என அக்காலத்தார் சிலர் கருதினர். பெண்ணைத் தனியாகப் பிரிப்பது இழிவு என அன்றே எதிர்த்தோரும் உண்டு. தமிழிலோ வினைமுற்றே பால் காட்டிவிடும். ஆயினும் தொல்காப்பியர் வகுப்பில் பால் முதலிடம் பெறவில்லை. திணையே முதலிடம் பெறுகிறது. உயர்திணை, அஃறிணை எனப் பிரித்த பின்னரே ஆண்பால், பெண்பால், பலர்பால் என்பன வருகின்றன. ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களுக்குத் தமக்கென ஈறு இல்லை, அவை பிற பால்களின் ஈற்றைக் கொண்டு முடியும் என்றும் கிளவியாக்கம் கூறுகிறது. மரியாதை வந்துவிட்டாலோ ‘அவர் வந்தார்’ என்பதில் பால் மறைந்தே போகிறது.

இவ்வேறுபாட்டைக் கொண்டு எளிய பயிற்சி ஒன்று தரலாம். ‘டியா’ என்னும் சொல்லுடைய மலாய்த் தொடர்கள் சிலவற்றைத் தந்து தமிழில் பெயர்க்கச் சொன்னால், சமைத்தவர் ‘அவள்’ ஆகிறார். அறுவை மருத்துவர் ‘அவர்’ ஆகிறார். திருடியவர் ‘அவன்’ ஆகிறார். கணினி மொழிபெயர்ப்பிலும் இதையொத்த சாய்வுகள் காணப்படுவதை மாணவர் தாமே சோதித்துப் பார்க்கலாம். மூலத்தில் இல்லாத பாலை யார் வழங்கினார் என்று கேட்கும்போது வகுப்பு பேசத் தொடங்குகிறது.

கலைச்சொல்லிலும் இதே வாய்ப்பு உண்டு. உடற்கூற்றைக் குறிக்கும் ‘பால்’ என்பதினின்று சமூகத்தால் ஆக்கப்படுவதைப் பிரித்துக்காட்டத் தமிழகத்தார் ‘பாலினம்’ என்றும் இலங்கைத் தமிழறிஞர் ‘பால்நிலை’ என்றும் ஆள்கின்றனர். பிறப்பால் அமைந்ததன்று, ஒருவர் வைக்கப்பட்டுள்ள நிலை என்பதைக் காட்டுவதால் இலங்கை வழக்கே பொருட்செறிவு மிக்கது என்பது நம் துணிபு. எனினும் இங்கு வழக்கூன்றிவிட்ட ‘பாலின’த்தையே நாமும் இக்கட்டுரையில் ஆண்டுள்ளோம். (தோட்டப்புறத்து மாணவருக்குப் ‘பால்’ என்றவுடன் மரத்துப் பால்தான் நினைவுக்கு வரும். அதுவும் பொருத்தமே என்பது பின்னர் விளங்கும்.)

மலாயில் ஆண், பெண் என்னும் பொருளுடைய இரு சொற்களை இணைத்து ஆக்கப்பட்ட ‘ஜந்தினா’ என்பதே ஆட்சிச் சொல். 2001ஆம் ஆண்டில் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 8(2)ஆம் விதி திருத்தப்பட்டு, பால் அடிப்படையிலான பாகுபாடும் தடைசெய்யப்பட்டபோது, ஆங்கில வடிவில் ‘ஜெண்டர்’ என்னும் சொல்லும் மலாய் வடிவில் ‘ஜந்தினா’வும் இடம்பெற்றன. உடலா, சமூக நிலையா என்று கோட்பாட்டாளர் பல்லாண்டு வாதிடும் வேறுபாடு, ஒரே விதியின் இரு மொழி வடிவங்களுக்கு இடையில் கிடக்கிறது. இதனைக் காட்டிலும் சிறந்த பாடநூல் வேறு வேண்டுமோ?

இரு வழக்குகள்

அவ்விதி எவ்வாறு இயங்கிற்று என்பதை இரு வழக்குகள் காட்டும். இவற்றை ஒன்றாக வைத்துப் படிப்பிப்பதை நாம் வலியுறுத்துகிறோம்.

முதலாவது பியட்ரிஸ் ஃபெர்னாண்டஸ் வழக்கு. மலேசிய விமான நிறுவனத்தில் பணிப்பெண்ணாக இருந்த அவர் 1991இல் கருவுற்றார். அவருடைய பணிப்பிரிவைச் சேர்ந்தோர் கருவுற்றால் பதவி விலக வேண்டும் என்று கூட்டு ஒப்பந்தம் கூறியது. அவர் விலக மறுக்கவே பணிநீக்கம் செய்யப்பட்டார். வழக்குப் பல ஆண்டுகள் நடந்து 2005இல் கூட்டரசு நீதிமன்றத்தில் முடிவுற்றது. அரசமைப்புச் சட்டத்தின் சமத்துவ உறுதி, சட்டமன்றமும் அரசு நிர்வாகமும் செய்யும் மீறல்களுக்கு எதிரானதே, தனியார் ஒப்பந்தத்தைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் கூறியது. அவர் தோற்றார்.

இரண்டாவது நூர்ஃபடிலா அகமது சாய்கின் வழக்கு. 2009இல் தற்காலிக ஆசிரியராக நியமனம் பெற்ற அவர் கருவுற்றிருப்பது தெரிந்தவுடன் நியமனம் திரும்பப் பெறப்பட்டது. 2011இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் இச்செயல் 8(2)ஆம் விதிக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐக்கிய நாட்டு உடன்படிக்கையில் மலேசியா 1995இல் இணைந்ததையும் நீதிமன்றம் கருத்தில் கொண்டது. இங்கு முதலாளி அரசு. ஆதலின் விதி பொருந்திற்று.

இவ்விருவரும் வெவ்வேறு சமயத்தார். வெவ்வேறு குடும்பச் சட்டத்தின்கீழ் வருவோர். இருவருக்கும் நேர்ந்தது ஒன்றே. பணியிடத்தைப் பற்றி மட்டும் பேசுவோம் என்று வகுப்பில் அமர்ந்த மாணவரும், இவ்வழக்குகளைப் படித்த சற்று நேரத்தில், குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்னும் வினாவுக்கு வந்துவிடுகின்றனர். கரு என்பது வீட்டு வாயிலில் கழற்றிவைத்துவிட்டு அலுவலகத்திற்கு வரத்தக்கதன்று. முன்னர்க் கூறிய வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம், தவறான நடத்தை, ஒப்பந்த மீறல், நிறுவனம் மூடப்படுதல் போன்ற காரணங்களுக்கு அன்றிக் கருவுற்ற தொழிலாளியை நீக்கலாகாது என்று 2023 முதல் விதித்துள்ளது. பியட்ரிஸ் தோற்ற இடத்தில் சட்டம் வந்து சேர முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின.

இவ்வழக்குகளில் மாணவர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்றையும் சுட்ட விரும்புகிறோம். பியட்ரிசைக் கட்டுப்படுத்திய விதி நிர்வாகம் தனியே எழுதியதன்று. தொழிற்சங்கமும் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தம் அது. தொழிலாளர் உரிமையும் பெண்ணுரிமையும் எப்போதும் கைகோத்தே நடக்கும் என்னும் எளிய நம்பிக்கையை இச்செய்தி அசைத்துவிடுகிறது.

தோட்டப்புறமும் நேர ஏடும்

ஃபிரீடனுக்குப் பக்கத்தில் யாரை அமர்த்துவது என்று முன்னர்க் கேட்டோம். மலேசியத் தமிழ் மாணவரைப் பொறுத்தவரை விடை தொலைவில் இல்லை. பால்மரம் சீவிய பெண் அங்கு அமரத்தக்கவர்.

இரப்பர் மரத்தில் பால் நன்கு சுரப்பது வெயில் ஏறுமுன் உள்ள குளிர்ந்த வேளையில். ஆதலின் இருள் விலகுமுன்னரே பெரட்டு. அதற்குமுன் சமைத்தாக வேண்டும். பிள்ளைகளை எழுப்பி ஆயாக் கொட்டகையில் விட்டாக வேண்டும். பிறகு தண்டல் காட்டிய நிரையில் மரம் சீவுதல், மங்கில் வடிந்த பாலைச் சேகரித்தல், சுமந்து சென்று நிறுத்தல், ஒட்டுப்பால் உரித்தல். பிற்பகலில் விறகு, தண்ணீர், துணி, மீண்டும் அடுப்பு. காலனியாட்சிக் காலத்தில் நிர்ணயிக்கப்பட்ட கூலியிலும் பெண்ணுக்கு ஆணினும் குறைவாகவே விதிக்கப்பட்டது. இப்பெண்ணிடம் சென்று வீட்டைவிட்டு வேலைக்கு வருவதே விடுதலை என்று கூறினால் அவர் சிரிப்பார். அவர் எந்நாளும் வேலைக்காட்டில்தான் இருந்தார். கூலி வேலை தானாக விடுதலை தராது என்பதைக் கோட்பாட்டு நூல்கள் எழுதுமுன்னரே வாழ்ந்து காட்டியவர் அவர்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போனபின் இப்பெண்களின் மகளிருள் பலர் ஆலைகளுக்குச் சென்றனர். 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிக வட்டாரம் திறக்கப்பட்ட காலந்தொட்டே மலாய்க் கம்பத்துப் பெண்கள் மின்னணு ஆலைகளுக்குள் சென்றுகொண்டிருந்தனர். சிலாங்கூர் ஆலைகளில் மலாய்ப் பெண் தொழிலாளர் ஆவி புகுந்து அலறிய நிகழ்ச்சிகளை ஆராய்ந்து பினாங்கில் பிறந்த அய்வா ஓங் 1987இல் வெளியிட்ட நூல் இன்று உலகெங்கும் பாடமாக உள்ளது. மேலைநாட்டுச் சரக்கு என்போருக்கு இதனைவிடத் தக்க மறுமொழி இராது. கோட்பாடு கோலலங்காட்டிலிருந்தும் புறப்பட்டுச் சென்றிருக்கிறது.

இவற்றைப் படிப்பது ஒரு பங்கு. மாணவர் தம் வீட்டை வகுப்பிற்குள் கொண்டுவருவது மற்றொரு பங்கு. அதற்கு நாம் பின்பற்றும் முறை நேர ஏடு. தம் குடும்பத்தில் அறுபது வயதைக் கடந்த பெண் ஒருவரிடம், அவர் முப்பது வயதில் இருந்தபோது ஒரு சாதாரண நாள் எவ்வாறு கழிந்தது என்று மணிக்கணக்கில் கேட்டு எழுத வேண்டும். பெயர் எழுதலாகாது. கருத்தும் எழுதலாகாது. நேரம், செயல், உடனிருந்தோர், ஊதியம் உண்டா என்னும் நான்கு கட்டங்கள் மட்டுமே. மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு. மூன்று கிரெடிட் பாடத்திற்கு 120 மணி நேரம். பதினான்கு வாரம் இரண்டு மணி விரிவுரையும் ஒரு மணி கலந்துரையாடலும் போக 78 மணி நேரம் எஞ்சுகிறது. நேர ஏட்டிற்கு அதில் இடம் தாராளம்.

ஏடுகளைச் சுவரில் அருகருகே ஒட்டும்போது, சமயம் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் இல்லம் வகுப்பிற்குள் வந்துவிடுகிறது. கம்பத்துப் பாட்டியின் விடியலும் தோட்டத்துப் பாட்டியின் விடியலும் புதுக்கிராமத்துப் பாட்டியின் விடியலும் ஒரே நேரத்தில், ஒரே அடுப்படியில் தொடங்குகின்றன. வேறுபாடுகளும் தெரிகின்றன, எந்த வீட்டில் மாமியார் உடனிருந்தார், எந்த வீட்டில் கடையும் வீடும் ஒன்றாக இருந்தன என்பன போன்ற வேறுபாடுகள் அவை. அவற்றைப் பற்றிக் கேட்க எவரும் அஞ்சுவதில்லை.

விளைபயன் அட்டவணையில் இப்பணி ‘தரவு திரட்டும் திறன்’ என்று எழுதப்பட்டுள்ளது. அத்தொடர் பொய்யன்று, மாணவருக்கு வேலை தேடும்போது அது பயன்படவும் கூடும். ஆயினும் இவ்வகைப் பெயர்மாற்றத்தில் ஓர் இடர் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. அடுத்த மறுசீரமைப்பில், தரவு திரட்டும் திறனே நோக்கமாயின் நுகர்வோர் பழக்கத்தைப் பற்றி ஏடு எழுதலாமே என்று எவரேனும் கேட்பர். அப்போது சொல்ல வேண்டிய மறுமொழியை இப்போதே கோப்பில் எழுதிவைப்பது நலம். எந்தத் தரவு என்பது திறனினின்று பிரிக்கத்தக்கதன்று. பேசப்படாதவற்றைக் கேட்டறியும் திறன், பேசப்படுவனவற்றைக் கேட்பதால் வாராது.

ஏட்டின் நான்காம் கட்டத்தில்தான் மாணவர் மிகுதியும் தடுமாறுகின்றனர். மலாய்ப் படிவங்களில் ‘சூரி ரூமா’ என்றும் தமிழில் ‘இல்லத்தரசி’ என்றும் எழுதுகிறோம். ‘சூரி’ என்பதும் அரசியையே குறிக்கும். இரு மொழிகளும் தனித்தனியே, ஊதியமற்ற உழைப்புக்கு முடிசூட்டி வைத்திருக்கின்றன. 2018இல் ஊழியர் சேமநிதி வாரியம் இல்லத்தரசியருக்கெனத் தொடங்கிய சேமிப்புத் திட்டத்திற்கும் ‘ஐ-சூரி’ என்றே பெயர். ‘நான் வேலைக்குப் போனதில்லை’ என்று சொல்லும் பாட்டியின் ஏட்டில் பதினாறு மணி நேரம் நிரம்பியிருக்கும். அதனை வேலை என்று எழுதினால் அவர் சொன்னதை மாற்றுவதாகும். எழுதாவிடில் செய்ததை மறைப்பதாகும். இரண்டையும் எழுதுமாறு மாணவருக்குக் கூறுகிறோம். பாட்டியின் சொல் மேலே, மணிக்கணக்கு கீழே, இடையில் ஒரு கோடு.